59 வெற்றியும் ஒரு சம்பளச் சண்டையும்: ‘ஓல்ட் ஹாஸ்’ ராட்போர்ன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் நேஷனல் லீக் பேஸ்பாலில், 1884-ஆம் ஆண்டு பிராவிடன்ஸ் கிரேஸ் அணியின் பிட்சராக (பந்துவீச்சாளராக) விளையாடிய சார்லஸ் ராட்போர்ன் ஒரே சீசனில் 59 ஆட்டங்களை வென்று கொடுத்தார். (60 என்பாரும் உண்டு. அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.) அந்த எண்ணை எங்கோ பார்த்துவிட்டு, ‘இது எப்படிச் சாத்தியம்?’ என்று தேடி வருபவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றைத் தொகுத்திருக்கிறேன். இரும்புக் கை, மன உறுதி என்றே அவர் கதையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். கைக்கும் உறுதிக்கும் குறைவில்லைதான். ஆனால் அந்த சீசனை உண்டாக்கியது ஒரு சம்பளத் தகராறு. அதற்கு முன்னும் பின்னும் அவர் பட்ட பாட்டைத் தெரிந்துகொள்ளாமல் 59 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

ராட்போர்ன் யார்? எந்தக் காலத்து ஆள்?

1854 டிசம்பர் 11-இல் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் பிறந்தார். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இலினாய் மாநிலத்து புளூமிங்டனுக்குக் குடிபெயர்ந்தது. அப்பா இறைச்சி வெட்டும் தொழில் செய்தவர். மகனும் அந்தத் தொழிலைக் கற்றிருந்தார். ஆள் ஒன்றும் பயில்வான் இல்லை. ஐந்தடி ஒன்பது அங்குல உயரம், நடுத்தர உடம்பு.

1880 முதல் 1891 வரை பெரிய லீக்குகளில் ஆடினார். மொத்தம் 309 வெற்றிகள், ஏறக்குறைய 4,500 இன்னிங்ஸ். வண்டிக்குதிரைபோல ஓயாமல் உழைத்ததால் ‘ஓல்ட் ஹாஸ்’, அதாவது கிழக்குதிரை, என்று பெயர் வந்தது.

கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். பிட்சர் என்பவரின் வேலை என்ன? அன்று அது எப்படி இருந்தது?

கிரிக்கெட்டில் ஆறு பந்து வீசிவிட்டு பந்துவீச்சாளர் எல்லைக்கோட்டுப் பக்கம் போய் நின்றுகொள்ளலாம். மறுமுனையிலிருந்து இன்னொருவர் வீசுவார். பேஸ்பாலில் அந்த ஓய்வு கிடையாது. பிட்சராக நிற்பவர் மாற்றப்படும்வரை எதிரணியின் ஒவ்வொரு பேட்டருக்கும் அவரேதான் வீசவேண்டும். ஒரு இன்னிங்ஸில் எதிரணியின் மூன்று பேரை அவுட்டாக்க வேண்டும், ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் 27 அவுட். ஆட்டம் வென்றால் அந்த வெற்றி பிட்சர் பெயரில் எழுதப்படும், தோற்றால் தோல்வியும் அவர் பெயரில்தான். ‘59 வெற்றி’ என்பது இந்தக் கணக்குதான்.

இன்றைக்கு ஓர் அணி ஐந்து பிட்சர்களைச் சுழற்சியில் விட்டு, நடுவில் இறக்குவதற்கு ஏழெட்டுப் பேரையும் தயாராக வைத்திருக்கிறது. 1880-களில் ஓர் அணிக்கு இரண்டு பிட்சர் இருந்தாலே வசதி. மேலும் காயமோ நோயோ இல்லாமல் வெளியிலிருந்து மாற்று ஆளைக் கொண்டுவர முடியாது. பிட்சரை மாற்றியே ஆகவேண்டுமென்றால், களத்தில் ஏற்கெனவே நிற்கும் ஒருவரோடு இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். அதனால் மாற்றுப் பிட்சரை ரைட் ஃபீல்டில் (களத்தின் வலது வெளிப்பகுதியில்) நிறுத்திவைப்பது வழக்கம். இந்த விதியை நினைவில் வையுங்கள். 1884 கதையின் திருப்பம் இதில்தான் இருக்கிறது.

வேறு சில வித்தியாசங்களும் உண்டு. இன்று பிட்சர் நிற்கும் தூரம் 60 அடி 6 அங்குலம். அது 1893-இல் வந்தது. ராட்போர்ன் காலத்தில் ஒரு செவ்வகக் கட்டத்துக்குள் நின்று வீசுவார்கள். அதன் முன்கோடு பேட்டரிடமிருந்து 50 அடி. கட்டத்துக்குள் ஓரிரு எட்டு ஓடிவந்தும் வீசலாம். 1884-இல்தான் நேஷனல் லீக் கையைத் தோளுக்கு மேலே தூக்கி வீச அனுமதித்தது. ராட்போர்ன் பெரும்பாலும் பழைய பழக்கப்படி தாழ்வாகவும் பக்கவாட்டிலும்தான் வீசினார். பந்து மேலே வரவேண்டுமா கீழே வரவேண்டுமா என்று பேட்டரே கேட்டு வாங்கும் உரிமையும் அப்போது இருந்தது! கள வீரர்களில் பலர் வெறுங்கையால்தான் பந்தைப் பிடித்தார்கள். பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர்களின் விரல்கள் என்ன கதிக்கு ஆளாகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்திலேயே கை போய்விட்டதாமே?

உண்மை. பியோரியா, டுபியூக் ஆகிய ஊர்களின் சிறு அணிகளில் பெயரெடுத்து, 1880-இல் பஃபலோ அணி வழியாக நேஷனல் லீக்குக்கு வந்தார். வந்த வேகத்தில் தோள்பட்டை வலி. ஆறே ஆட்டம்; அதிலும் பிட்சராக ஒரு பந்துகூட வீசவில்லை. ஊர் திரும்பினார். அப்போது அவருக்கு 25 வயது. அந்தக் காலத்தில் கைவலிக்கு அறுவை சிகிச்சையும் இல்லை, பயிற்சி மருத்துவரும் இல்லை. கை தானாகச் சரியானால் உண்டு, இல்லாவிட்டால் இறைச்சிக்கடைதான்.

ராட்போர்னுக்குத் தானாகச் சரியாயிற்று. 1881-இல் பிராவிடன்ஸ் அணி அவரை எடுத்தது. முதல் ஆண்டிலேயே 25 வெற்றி, 11 தோல்வி. 1884-இல் அவர் கைவலியைப் பற்றி ஏன் அவ்வளவு கசப்பாக இருந்தார் என்பதற்கு இந்த 1880 ஒரு விளக்கம் என்றே நினைக்கிறேன். கை போனால் என்ன ஆகும் என்பதை ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டவர் அவர்.

1884-க்கு முன்பே அவர் நட்சத்திரம்தானா?

ஆமாம். 1882-இல் 33 வெற்றி, 1883-இல் 48 வெற்றி. 1883 ஜூலை 25 அன்று கிளீவ்லேண்ட் அணிக்கு ஒரு ஹிட்கூட (பேட்டர் பந்தை அடித்துப் பத்திரமாக ஓடிச்சேர்வது) கொடுக்காமல் 8-0 என்று வென்றார்.

இந்த இரண்டு ஆண்டுகளும் பிராவிடன்ஸின் மேனேஜராக இருந்தவர் ஹாரி ரைட். இங்கிலாந்தில் பிறந்து, நியூயார்க்கில் தொழில்முறை கிரிக்கெட் ஆடிவிட்டுப் பேஸ்பாலுக்கு வந்தவர். தொழில்முறை பேஸ்பாலைக் கட்டியெழுப்பியவர்களில் முதல் வரிசையில் நிற்பவரும் அவரே. கிரிக்கெட் ரசிகர்கள் பெருமைப்பட இதில் கொஞ்சம் இடமுண்டு.

1882 ஆகஸ்ட் 17 ஆட்டத்தைச் சொல்லாமல் நகரமுடியாது. டெட்ராய்ட்டுக்கு எதிராக பிராவிடன்ஸின் ஜான் மாண்ட்கோமரி வார்ட் 18 இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் தன் அணியும் ரன் எடுக்கவில்லை. அன்று ரைட் ஃபீல்டில் நின்றிருந்த ராட்போர்ன் 18-ஆவது இன்னிங்ஸில் ஒரு ஹோம் ரன் அடித்து 1-0 என்று ஆட்டத்தை முடித்தார். இந்த வார்ட் பின்னால் மறுபடி வருவார், ஆட்டக்காரராக அல்ல, தொழிற்சங்கத் தலைவராக.

1884 கோடையில் உண்மையில் என்னதான் நடந்தது?

அந்த ஆண்டு பிராவிடன்ஸிடம் இரண்டு பிட்சர்கள்: 29 வயது ராட்போர்ன், 21 வயது சார்லி ஸ்வீனி. மேனேஜர் ஃபிராங்க் பாங்க்ராஃப்ட். முந்தைய ஆண்டைவிட ஆட்டங்கள் கூடியிருந்தன. முந்தைய ஆண்டு ராட்போர்ன் 600 இன்னிங்ஸுக்கு மேல் வீசிக் களைத்திருந்தார்.

ஜூன் 7 அன்று ஸ்வீனி பாஸ்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 19 பேரை ஸ்ட்ரைக்அவுட் (பந்தை அடிக்க முடியாமலே அவுட்) செய்தார். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் இதை மிஞ்ச 1986-இல் ரோஜர் கிளெமன்ஸ் வரவேண்டியிருந்தது. ஊரே இளைஞனைக் கொண்டாடியது. பிறகு ஸ்வீனிக்குக் கைவலி வந்தது. அவர் பங்கு வேலையும் மூத்தவர் தலையில் விழுந்தது. வேலை கூடியது, சம்பளம் கூடவில்லை, கைதட்டலோ இன்னொருவருக்கு. ராட்போர்ன் இயல்பிலேயே அதிகம் பேசாதவர், முறைத்துக்கொள்பவர், குடிப்பவர். புகைச்சல் உள்ளே சேர்ந்துகொண்டே போனது.

ஜூலை 16 அன்று பாஸ்டனுக்கு எதிரான ஆட்டத்தில் அது வெடித்தது. நடுவரின் தீர்ப்பு ஒன்றில் ஆத்திரமடைந்த ராட்போர்ன், கேட்சர் பார்னி கில்லிகனால் பிடிக்கவே முடியாத வேகத்தில் தாறுமாறாக வீசினார் என்பது குற்றச்சாட்டு. ஆட்டம் தோற்றது. வேண்டுமென்றே சரியாக ஆடவில்லை என்று சொல்லி அணி நிர்வாகம் சம்பளமில்லாமல் அவரை நிறுத்திவைத்தது.

அடுத்த வாரமே, ஜூலை 22 அன்று, ஸ்வீனியின் முறை. ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான ஆட்டத்தில் பிராவிடன்ஸ் முன்னிலையில் இருந்தது. ஸ்வீனிக்கு ஓய்வு கொடுக்க நினைத்த பாங்க்ராஃப்ட், ரைட் ஃபீல்டில் நின்றவரை வீசச் சொல்லி, ஸ்வீனியை ரைட் ஃபீல்டுக்குப் போகச் சொன்னார். ஸ்வீனி போகவில்லை. மேனேஜரைத் திட்டிவிட்டு மைதானத்தைவிட்டே வெளியேறினார். மாற்று ஆள் இறக்க விதி இடம் கொடுக்காது. எட்டுப் பேரோடு ஆடிய பிராவிடன்ஸ் கையிலிருந்த ஆட்டத்தைத் தோற்றது. ஸ்வீனி அணியிலிருந்து நீக்கப்பட்டு, அந்த ஆண்டு புதிதாக முளைத்திருந்த யூனியன் அசோசியேஷன் என்ற போட்டி லீக்கின் செயின்ட் லூயிஸ் அணிக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஒரு வாரத்துக்குள் இரண்டு பிட்சர்களும் காலி. அணியைக் கலைத்துவிடலாமா என்றுகூட நிர்வாகிகள் யோசித்தார்கள். பாங்க்ராஃப்ட் ராட்போர்னிடம் போனார்.

ராட்போர்ன் அப்போது என்ன கேட்டார்?

என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் மையமே இதுதான். கூடுதல் சம்பளம் கேட்டார், மீதி சீசனுக்குத் தானே வீசுவதாகச் சொன்னார். அதைவிடப் பெரிதாக ஒன்றையும் கேட்டார்: சீசன் முடிந்ததும் தன்னை ‘ரிசர்வ்’ பட்டியலிலிருந்து விடுவிக்கவேண்டும்.

1879-இல் நேஷனல் லீக் முதலாளிகள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒவ்வோர் அணியும் ஐந்து ஆட்டக்காரர்களை ‘இவர்கள் எங்களுக்கு’ என்று குறித்துவைக்கலாம். மற்ற அணிகள் அவர்களைத் தொடக்கூடாது. பிறகு ஐந்து பதினொன்றாயிற்று, அதற்கப்புறம் பதினான்கு. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் வேறு இடத்துக்குப் போகமுடியாது. கொடுக்கும் சம்பளத்துக்கு ஆடு, அல்லது ஆட்டத்தையே விடு. இந்தப் பிடி ஏறக்குறைய நூறாண்டு நீடித்தது. 1970-களின் நடுவில்தான் தளர்ந்தது.

இந்தச் சங்கிலியைத்தான் ராட்போர்ன் தன் வலது கையைப் பணயம் வைத்துக் கழற்றப் பார்த்தார். முதலாளிகள் கையறுநிலையில் நின்ற ஒரே வாரம் அது. அந்த வாரத்தில் சரியாகப் பேரம் பேசினார். ‘அணியின்மேல் உள்ள பாசத்தால் தோளைக் கொடுத்தார்’ என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அவரைச் சுயநலக்காரர் என்று நான் சொல்லவில்லை. தன் உழைப்பின் விலை தெரிந்த தொழிலாளி, அவ்வளவுதான்.

சரி, சொன்னபடி செய்தாரா?

செய்தார். ஜூலை 23 முதல், கோப்பை உறுதியான செப்டம்பர் 24 வரை பிராவிடன்ஸ் ஆடிய 43 ஆட்டங்களில் 40-ஐ அவரே தொடங்கி, 36-ஐ வென்றார். ஆகஸ்டில் தொடங்கி செப்டம்பர் முதல் வாரம்வரை தொடர்ந்து 18 வெற்றிகள். அணிக்குத் தொடர்ச்சியாக 20. கடைசியில் 84 வெற்றி, 28 தோல்வியோடு பிராவிடன்ஸ் முதலிடம். இரண்டாமிடத்து பாஸ்டன் பத்து ஆட்டங்களுக்கு மேல் பின்தங்கி நின்றது.

அந்த சீசனில் அவர் தொடங்கியது 73 ஆட்டங்கள். 73-ஐயும் அவரே முடித்தார். 678⅔ இன்னிங்ஸ், 441 ஸ்ட்ரைக்அவுட். ஃபீல்டர்களின் தவறால் போனவை நீங்கலாக, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.38 ரன்தான் கொடுத்தார். வெற்றி, ஸ்ட்ரைக்அவுட், ரன் சராசரி மூன்றிலும் லீக்கில் முதலிடம். ஒரே சீசனில் வீசிய இன்னிங்ஸ் கணக்கில் வரலாற்றிலேயே ஒருவர் மட்டும் அவருக்கு மேலே இருக்கிறார்: 1879-இல் 680 இன்னிங்ஸ் வீசிய வில் வைட்.

கை எப்படித் தாங்கியது?

தாங்கவில்லை என்பதுதான் பதில். காலையில் தலைவாரக்கூட வலது கையைத் தூக்க முடியாத நிலை. ஆட்ட நாளில் மற்றவர்களுக்கு முன்னதாகவே மைதானத்துக்குப் போய்விடுவாராம். முதலில் சில அடி தூரத்துக்கு மெல்ல எறிவார், முகம் வலியில் சுருங்கும். பிறகு கொஞ்சம் தள்ளி, பிறகு இன்னும் தள்ளி. தூரத்தைக் கூட்டிக்கொண்டே போய், கட்டத்திலிருந்து பேட்டர்வரை பந்து ஒழுங்காகப் போய்ச்சேரும் நேரத்தில் கை சூடேறியிருக்கும். அதுவரை சக ஆட்டக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்பார்கள். இது பின்னாளில் பாங்க்ராஃப்ட் நினைவுகூர்ந்த காட்சி.

தாழ்ந்த வீச்சு தோளுக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கும். எல்லாப் பந்தையும் முழு வேகத்தில் வீச வேண்டிய கட்டாயமும் அன்றைக்கு இல்லை. ஹோம் ரன் அடிக்கும் பேட்டர்கள் குறைவு என்பதால், அடிக்கவிட்டு ஃபீல்டர்களிடம் அவுட் வாங்கலாம். வேகத்தை மாற்றிமாற்றி வீசி ஏமாற்றுவதில் ராட்போர்ன் கெட்டிக்காரர். ஆனாலும் 678 இன்னிங்ஸ் என்பது எந்த உடம்புக்கும் அநியாயம்.

உலகத் தொடர் என்று ஏதோ நடந்ததாமே?

1884 அக்டோபர் 23, 24, 25 நாட்களில் நேஷனல் லீக் சாம்பியன் பிராவிடன்ஸும், அமெரிக்கன் அசோசியேஷன் சாம்பியன் நியூயார்க் மெட்ரோபாலிட்டன்ஸும் நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில் மோதின. இரண்டு லீக் சாம்பியன்கள் மோதி ‘உலக சாம்பியன்’ பட்டம் கோரிய முதல் தொடராக இதைக் கருதுபவர்கள் உண்டு. 1903-இல் தொடங்கிய இன்றைய வேர்ல்ட் சீரிஸ் வேறு. முடிவுகள்: 6-0, 3-1, 12-2. மூன்று நாளும் வீசியவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

59 வெற்றியா, 60 வெற்றியா? ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொன்று போட்டிருக்கிறதே?

சண்டை ஒரே ஓர் ஆட்டத்தைப் பற்றியது. ஜூலை 28 அன்று ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக பிராவிடன்ஸின் ‘சைக்ளோன்’ மில்லர் வீசத் தொடங்கினார். ஐந்து இன்னிங்ஸ் வீசி அவர் விலகியபோது பிராவிடன்ஸ் 7-4 என்று முன்னிலை. பிறகு ராட்போர்ன் வந்து நான்கு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் முடித்தார், முடிவு 11-4. யார் நன்றாக வீசினாரோ அவருக்கே வெற்றி என்று அன்றைய கணக்கெழுதுபவர் ராட்போர்ன் பெயரில் எழுதிவிட்டார். இன்றைய விதிப்படி, முன்னிலையோடு விட்டுச்சென்ற மில்லருக்குத்தான் அது சேரவேண்டும்.

நான் 59 என்றே எழுதுகிறேன். இன்றைய சாதனைகளோடு ஒப்பிட்டுப் பேசுவதற்காகத்தான் இந்த எண்ணையே எடுக்கிறோம். அப்படியானால் இன்றைய விதியே அளவுகோல். 60 என்று எழுதுபவர்களோடு மல்லுக்கு நிற்கத் தேவையில்லை. அன்றைய பதிவேடு அவர்கள் பக்கம் இருக்கிறது.

விடுதலை கிடைத்ததும் எங்கே போனார்?

எங்கும் போகவில்லை. மறுபடி பிராவிடன்ஸிலேயே கையெழுத்திட்டார். வாசகர்கள் ஏமாற்றமடையும் இடம் இது. ஆனால் கட்டாயத்தில் இருப்பதும் நல்ல சம்பளம் பேசிவிட்டு விரும்பி இருப்பதும் ஒன்றல்ல. மேலும், போட்டி லீக்கான யூனியன் அசோசியேஷன் ஒரே சீசனோடு மூடப்பட்டுவிட்டது. விலைபேச அந்தச் சந்தையும் இல்லை.

பிறகு ஏன் சரிந்தார்?

1885-இல் 28 வெற்றி, 21 தோல்வி. எவருக்கும் நல்ல கணக்கு, அவருக்கு இறக்கம். அந்த ஆண்டோடு பிராவிடன்ஸ் அணியே மறைந்தது, பாஸ்டன் அவரை எடுத்துக்கொண்டது. 1886-இல் 27 வெற்றிக்கு 31 தோல்வி. 1887-இல் 24-க்கு 23. 1888-இல் ஏழே வெற்றி, 16 தோல்வி.

கை தேய்ந்தது முதல் காரணம். குடியும் சேர்ந்துகொண்டது. ஆனால் விதிமாற்றத்தைப் பலர் கவனிப்பதில்லை. 1887-இல் பிட்சர் பின்காலைக் கட்டத்தின் பின்கோட்டில் ஊன்றி, ஓரெட்டு மட்டும் வைத்து வீசவேண்டும் என்று ஆக்கினார்கள். ஓடிவந்து வீசிப் பழகியவருக்கு முப்பத்திரண்டு வயதில் நடையை மாற்று என்றால் எப்படி இருக்கும்? பேட்டரை இலவசமாக முதல் பேஸுக்கு (அடித்தபின் ஓடிச்சேரும் முதல் நிலைக்கு) அனுப்ப 1884-இல் ஆறு தவறான பந்துகள் வேண்டியிருந்தன. 1889-க்குள் அது நான்காகச் சுருங்கியது. விளிம்பில் வீசி ஏமாற்றுபவருக்கு ஒவ்வொரு பந்துக் குறைப்பும் அடிதான்.

இன்னோர் அடி, ஜான் கிளார்க்சன். 1888-இல் பாஸ்டன் நிர்வாகம் சிகாகோவிடமிருந்து 10,000 டாலர் கொடுத்து அவரை வாங்கியது. 1889-இல் கிளார்க்சன் 49 ஆட்டங்களை வென்றார். ராட்போர்ன் இரண்டாமவராக இருந்து 20 வெற்றி, 11 தோல்வி என்று மீண்டார். 1884-இல் இளைஞனின் நிழலில் நிற்கப் பொறுக்காதவர், ஐந்தாண்டு கழித்து அதே இடத்தில் நின்றபோது நன்றாக வீசினார். வேலைப்பளு குறைந்தது கைக்கு நல்லதாகப் போயிருக்க வேண்டும்.

நடுவிரல் காட்டிய படம் அவருடையதுதானா?

ஆமாம். 1886 சீசன் தொடக்கத்தில் பாஸ்டன், நியூயார்க் அணிகள் சேர்ந்து எடுத்துக்கொண்ட குழுப்படத்தில், பின்வரிசை ஓரத்தில் நின்றுகொண்டு நடுவிரலை நீட்டியிருக்கிறார். அந்தச் சைகை பதிவான மிகப் பழைய புகைப்படமாக அதைச் சொல்கிறார்கள். யாரை நோக்கிக் காட்டினார் என்று ஆளாளுக்கு ஒரு கதை விடுகிறார்கள். எதிரணியை, படம் எடுத்தவரை, முதலாளிகளை என்று. பின்னால் ஒரு சிகரெட் அட்டைப் படத்திலும் இதே விஷமம். இந்தத் துடுக்குத்தனத்தை வைத்துத்தான் இணையத்தில் அவர் பெயரில் நையாண்டிக் கணக்கு ஒன்றும் புகழ்பெற்றது.

1890-இல் லீக் மாறினாராமே?

சங்கத்துக்காக மாறினார். 18 இன்னிங்ஸ் வீசிய அதே ஜான் மாண்ட்கோமரி வார்ட், 1885-இல் ஆட்டக்காரர்களின் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். ரிசர்வ் ஏற்பாட்டையும் சம்பள உச்சவரம்பையும் எதிர்த்துப் பேசிப்பார்த்துப் பலனில்லாமல் போக, 1890-இல் ஆட்டக்காரர்களே ‘பிளேயர்ஸ் லீக்’ என்று தனி லீக் ஆரம்பித்தார்கள். நட்சத்திரங்களில் பெரும்பாலோர் அங்கே போனார்கள். ராட்போர்ன் பாஸ்டன் ரெட்ஸ் அணிக்கு ஆடி 27 வெற்றி, 12 தோல்வி. அந்த அணியே சாம்பியன். 35 வயதில் இது சாதாரணமில்லை.

பணம் போட்டவர்கள் பின்வாங்கியதால் அந்த லீக் ஒரே ஆண்டில் கலைந்தது. ஆறாண்டுக்கு முன் தனியாளாகப் பேரம் பேசியவர், இந்த முறை கூட்டத்தோடு நின்று தோற்றார்.

1891-இல் சின்சினாட்டி. 300-ஆவது வெற்றி அங்கேதான் வந்தது. 11 வெற்றி, 13 தோல்வியோடு ஆட்டத்தை விட்டார்.

ஓய்வுக்குப் பிறகு?

புளூமிங்டனில் மதுக்கடையும் பில்லியர்ட்ஸ் கூடமும் நடத்தினார். வேட்டை என்றால் உயிர். 1894-இல் வேட்டையின்போது கூட வந்தவரின் துப்பாக்கிக் குண்டு முகத்தில் பாய்ந்து ஒரு கண் போனது. முகம் சிதைந்ததில் வெட்கப்பட்டு, கடையின் பின்னறையில் அடைந்துகிடந்தார். பக்கவாதம் வந்து பேச்சும் குழறியது. சிபிலிஸ் நோய்தான் அடிப்படை என்று பின்வந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1897 பிப்ரவரி 5-இல் இறந்தார். வயது 42. மனைவி கேரி, பிராவிடன்ஸில் விடுதி நடத்திய காலத்திலிருந்து அவருக்குப் பழக்கம்.

ஸ்வீனி என்ன ஆனார்?

அந்த ஆண்டு இரண்டு லீக்கிலும் சேர்த்து 41 வெற்றி. அடுத்த ஆண்டே கை தேய்ந்தது. 1887-க்குப் பிறகு பெரிய லீக்கில் இடமில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் மதுக்கடைத் தகராறு ஒன்றில் ஒருவரைச் சுட்டுக்கொன்று சிறை சென்றார். காசநோய் கண்டு 1902-இல் இறந்தார், நாற்பதைத் தொடாமலே.

இந்தச் சாதனை முறியடிக்கப்படுமா?

வாய்ப்பே இல்லை. 1900-க்குப் பிறகு அதிகபட்சம் 1904-இல் ஜாக் செஸ்ப்ரோவின் 41. முப்பதைத் தொட்ட கடைசி ஆள் 1968-இல் டென்னி மெக்லேன், 31. இன்றைய பிட்சர் ஒரு சீசனில் முப்பத்துச் சொச்சம் ஆட்டங்கள்தான் தொடங்குகிறார். அத்தனையையும் வென்றாலும் 59-இல் பாதியைத்தான் தாண்டுவார். இது இன்றைய ஆட்டக்காரர்களின் குறை அல்ல. அப்படி வேலை வாங்குவதை அவர்களின் சங்கமும் மருத்துவர்களும் விடமாட்டார்கள், விடவும் கூடாது.

புகழ் மண்டபத்தில் இடம் உண்டா?

1939-இல் சேர்த்தார்கள். ஒரு எச்சரிக்கை: அங்குள்ள பலகையில் அவர் 1884-இன் கடைசி 27 ஆட்டங்களையும் வீசி 26-ஐ வென்றதாகப் பொறித்திருக்கிறார்கள். அது சரியல்ல, கோப்பை உறுதியான பிறகு மற்றவர்களும் வீசியிருக்கிறார்கள். கட்டுரை எழுதுபவர்கள் அந்த வாசகத்தை அப்படியே எடுத்துப் போட்டுவிடாமல், 43-இல் 40 தொடங்கி 36 வென்றார் என்ற கணக்கைப் பயன்படுத்துங்கள்.